சட்டியில் வைன் ஊற்றுமுன் சாப்பிடுபவரைக் கேளுங்கள்

கோலா கங்சாரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அக்கா மகள் கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். "இன்றைக்குச் சமையல் என் பொறுப்பு, சித்தி. நீங்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, வாங்கி வந்த பையை அடுப்படி மேசையில் கவிழ்த்தாள். மீன், வெண்ணெய், பூண்டு, மல்லித்தழை. கடைசியாக, ஒரு வெள்ளை வைன் பாட்டில்.

அடுப்படி வாசலில் நின்று என் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வயது எண்பதைத் தாண்டியவர்.

"அது என்னம்மா பாட்டில்?"

"வைன், பாட்டி. குடிக்கிறதுக்கு இல்லை. மீனுக்கு ஊற்றத்தான். கொதிச்சா போதையெல்லாம் ஆவியாப் போயிடும்."

"எனக்கு மீன் வேணாம். ரசமும் சோறும் போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா கூடத்துக்குப் போய்விட்டார்.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அவள் கெட்ட எண்ணத்தில் வாங்கி வரவில்லை. வேலைக்குப் போகும் இளைஞர்கள் இன்று உணவகங்களிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் பார்ப்பதை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். அம்மாவும் வீம்புக்காகச் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அந்தப் பாட்டில் வேறு ஒன்றாகத் தெரிந்தது. இந்தக் காட்சி எங்கள் வீட்டோடு முடிவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரே செம்பு, இரண்டு கதை

1877-ல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது நட்டு வளர்க்கப்பட்ட ஊர் கோலா கங்சார். அவற்றில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அந்த மரத்தின் வம்சம் பேராக் முழுதும் தோட்டங்களாகப் பரவியது. பால் வெட்ட நம் மக்கள் வந்தார்கள். லயன் வீடுகள் வந்தன. கூடவே கள்ளுக்கடையும் வந்தது.

தென்னங்கள் அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே, உரிமம் பெற்று விற்கப்பட்டது. சம்பள நாளில் கைக்கு வந்த காசு, வீட்டுக்கு வரும் வழியில் கள்ளுக்கடையில் நின்றுவிடும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பின், 1947 வாக்கில் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டார்கள். நம் சமுதாயம் குடியோடு நடத்திய போராட்டம் நேற்று முளைத்ததல்ல.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா சம்பள நாளில் எந்த நிலையில் வீடு திரும்புவார் என்பதை அவர் இன்றும் விரிவாகச் சொல்ல மாட்டார். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் அவரே வேறொரு கதையும் சொல்வார். ஆப்பத்துக்கு அரிசி ஊறப் போட்ட அன்று, பாட்டி அவர் கையில் ஒரு சிறிய செம்பைக் கொடுத்து அனுப்புவாராம். அதே கள்ளுக்கடைதான். ஒரு கரண்டி கள் மாவில் கலந்து இரவு முழுக்க வைத்தால், காலையில் மாவு பொங்கி நிற்கும். ஆப்பத்தின் ஓரம் வலைபோல் வரும், நடு மெத்தென்று இருக்கும். பசியாறக் குடும்பமே சுற்றி உட்காரும். "அந்த வாசனை ஈஸ்ட் போட்டா வராது" என்பார் அம்மா.

ஆக, கள்ளை ஊற்றிச் சமைப்பது நம் அடுப்படிக்குப் புதிதில்லை. தென்னம்பாளையில் இறங்கும் பதநீர் இனிப்பாகத்தான் இருக்கும். காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அந்த இனிப்பைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. அந்த வாயுதான் ஆப்பத்தின் துளைகள். மேலும் விட்டுவைத்தால் அதுவே புளித்து வினிகராகிவிடும். கேரளத்தில் கள்ளப்பமும், கோவாவில் சன்னாவும், இலங்கையில் ஆப்பமும் இப்படிக் கள் ஊற்றிச் செய்தவைதான்.

விந்தாலுவில் ஒளிந்திருக்கும் வைன்

இன்னொரு உறவும் உண்டு. நாம் சாப்பிடும் விந்தாலுவின் பெயர் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. வைனும் பூண்டும் சேர்த்து இறைச்சியை ஊறவைக்கும் முறைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. 1510-ல் கோவாவையும், 1511-ல் மலாக்காவையும் அவர்கள் பிடித்தார்கள். கோவாவின் சமையற்கட்டில் வைனுக்குப் பதில் தென்னங்கள் வினிகர் புகுந்தது. மிளகாயும் மசாலாவும் சேர்ந்தன. மலாக்காவின் போர்த்துகீசிய வம்சாவளியினர் செய்யும் 'டெவில் கறி'யிலும் வினிகர் உண்டு.

இதே பேராக்கில், 1903-ல் சித்தியவானில் குடியேறிய ஃபூச்சாவ் சீனர்கள் சிவப்பு அரிசி வைனில் கோழியை வேகவைத்து மீ சுவாவுடன் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அது வீட்டுச் சாப்பாடு. ஆக வைன் என்றாலே வெள்ளைக்காரன் பண்டம் என்று ஒதுக்கவும் முடியாது, நாகரிகம் என்று தூக்கிக் கொண்டாடவும் முடியாது. அது ஒரு சமையல் பொருள். ஆனால் உப்பு, புளி போன்ற பொருள் அல்ல. அதனால் அதன் குணம் தெரிந்து கையாள வேண்டும்.

சட்டிக்குள் அது செய்யும் வேலை

சாதாரண வெள்ளை வைனில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு சாராயம் இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். கொஞ்சம் திராட்சைப் புளிப்பு, கொஞ்சம் வாசனை.

அந்தப் புளிப்பு நம் புளியும் எலுமிச்சையும் செய்யும் வேலையைச் செய்கிறது. மீன் கவிச்சியை அடக்கும். வெண்ணெயின் திகட்டலைக் குறைக்கும். சாராயம் செய்யும் வேலை வேறு. சில வாசனைகள் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். பூண்டு, மூலிகை, ஏலக்காய் போன்றவற்றின் மணத்தை அது இழுத்துக் குழம்பெங்கும் பரப்புகிறது. மீன் வறுத்த சட்டியின் அடியில் ஒட்டிய பழுப்பைக் கரைத்து எடுக்கவும் உதவுகிறது.

சமையலுக்கு வாங்குபவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். காரச் சமையலுக்கு இனிப்பில்லாத வைன்தான் ஏற்றது. 'சமையல் வைன்' என்று விற்கும் சில பாட்டில்களில் உப்பு சேர்த்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது. அலுமினியச் சட்டியிலும் இரும்புக் கடாயிலும் செய்யாதீர்கள். புளிப்பு உலோகத்தோடு சேர்ந்து ஒருவித இரும்பு வாடை வரும். எவர்சில்வர் அல்லது இனாமல் பாத்திரம் நல்லது. தேங்காய்ப்பால் சேர்ப்பதாக இருந்தால், வைன் நன்றாக வற்றிய பிறகு தீயைக் குறைத்துப் பாலை ஊற்றுங்கள். முதலிலேயே சேர்த்தால் பால் திரிந்துபோகும்.

'எல்லாம் ஆவியாகிவிடும்' என்பது உண்மையா?

அக்கா மகள் சொன்னதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். சாராயம் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். அதனால் சாராயம் முதலில் முழுதாகப் போய்விடும் என்பது கணக்கு. ஆனால் இரண்டும் கலந்துவிட்டால் அப்படித் தனியாகப் பிரிந்து போவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து மெல்ல மெல்லத்தான் குறையும்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஊட்டச்சத்து அட்டவணையில் இதற்கு அளவே இருக்கிறது. குழம்பில் கலந்து 15 நிமிடம் கொதித்தால் ஊற்றிய சாராயத்தில் 40 விழுக்காடு மிச்சமிருக்கும். அரை மணி நேரத்தில் 35. ஒரு மணி நேரத்தில் 25. இரண்டு மணி நேரம் கொதித்தாலும் 10 விழுக்காடு நிற்கும். கொதிக்கும் குழம்பில் ஊற்றி உடனே அடுப்பை அணைத்தால் 85 விழுக்காடு அப்படியே இருக்கும். உணவகங்களில் தீப்பற்ற வைத்துக் காட்டுவார்களே, அதிலும் 75 விழுக்காடு போவதில்லை.

இவை சராசரி அளவுகள். அகன்ற சட்டியில், மூடாமல் கொதித்தால் கூடுதலாகக் குறையும். குறுகிய பானையில் மூடிவைத்தால் குறைவாகப் போகும். ஆனால் 'துளியும் இருக்காது' என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது.

இதைப் படித்துப் பயப்படவும் வேண்டாம். கீழே உள்ள மீனுக்கு 120 மில்லி வைன் ஊற்றுகிறோம். அதில் சாராயம் ஏறக்குறைய 14 மில்லி. கால் மணி நேரம் கொதித்தபின் 6 மில்லிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். நால்வர் பகிர்ந்தால் தட்டுக்கு ஒன்றரை மில்லிகூட வராது. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு அது போதை தராது. ஆனால் கேள்வி போதையைப் பற்றி மட்டுமல்ல. தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, சாப்பிடுகிறவருக்கு உரிமை இருக்கிறது.

யாரிடம் சொல்ல வேண்டும்?

ஒரே வார்த்தையில், எல்லாரிடமும். அதிலும் சிலரிடம் கட்டாயமாக.

முஸ்லிம் நண்பர்களுக்கு வைன் ஊற்றிய உணவு ஹலால் அல்ல. எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு அங்கே எடுபடாது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் பக்கத்து வீட்டார் நம்பி வருகிறார்கள். அன்றைய சமையலில் வைனே வேண்டாம். பாத்திரம், கரண்டி கலந்துவிடும் சங்கடமும் இருக்காது.

குடியை விட்டு மீண்டு வருபவருக்கு அந்த வாசனையே சோதனை. அவர் எத்தனை மாதப் போராட்டத்தைக் கடந்து மேசைக்கு வந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. குடியை நிறுத்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறிதளவு சாராயமும் வாந்தி, படபடப்பைக் கொண்டுவரலாம். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் வைன் இல்லாமல் சமைப்பதே நல்லது. விரதம் இருப்பவர், கொள்கையாக மதுவைத் தொடாதவர் ஆகியோரிடமும் 'சொல்லாவிட்டால் தெரியவா போகிறது' என்று நடந்துகொள்ளக் கூடாது.

வெள்ளை வைன் மீன் (நால்வருக்கு)

சியாக்காப் மீன் 4 துண்டு, ஏறக்குறைய 600 கிராம். மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு. சின்ன வெங்காயம் 8, பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 2, தக்காளி 1, கறிவேப்பிலை ஒரு கொத்து. எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, இனிப்பில்லாத வெள்ளை வைன் 120 மில்லி, தண்ணீர் அரை கப்.

மீனில் மஞ்சள், மிளகு, உப்பு தடவிப் பத்து நிமிடம் வையுங்கள். அகன்ற சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் மீனைச் சிவக்க விட்டு எடுத்துவிடுங்கள். அதே சட்டியில் வெண்ணெய், நறுக்கிய வெங்காயம், பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். வைனை ஊற்றி அடியைச் சுரண்டிவிடுங்கள். மூடாமல் பெரிய தீயில் பாதியாக வற்றட்டும். தக்காளியும் தண்ணீரும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதித்தபின் மீனைத் திரும்பப் போட்டு, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் வேகவிடுங்கள். மல்லித்தழை தூவி இறக்குங்கள். வைனின் புளிப்பே போதும், எலுமிச்சை வேண்டாம்.

வைன் இல்லாமல் செய்ய, அதே அளவு கோழிச்சாறோ காய்கறி வேகவைத்த தண்ணீரோ எடுத்து, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகைச் சீனியும் கலந்து ஊற்றுங்கள். எலுமிச்சையை மட்டும் கடைசியில் சேர்த்தால் கசக்காது.

வைனில் வெந்த பேரிக்காய் (நால்வருக்கு)

கெட்டியான பேரிக்காய் 4, வெள்ளை வைன் 250 மில்லி, தண்ணீர் 250 மில்லி, சீனி 100 கிராம், பட்டை ஒரு துண்டு, ஏலக்காய் 4, கிராம்பு 2, எலுமிச்சைத் தோல் ஒரு கீற்று.

பேரிக்காயின் தோலைச் சீவி, இரண்டாக வெட்டி, விதையை எடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் கொதிக்கவைத்து, சீனி கரைந்ததும் பழத்தைப் போடுங்கள். சிறு தீயில் இருபது நிமிடம். கத்தி நுனி எளிதாக இறங்கினால் பதம். பழத்தை எடுத்துவிட்டு, பாகை மேலும் பத்து நிமிடம் வற்றவிட்டு மேலே ஊற்றி ஆறவையுங்கள். பேரிக்காய்க்குப் பதில் அன்னாசித் துண்டுகளும் போடலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

ஓர் எச்சரிக்கை. மீனைவிட இந்த இனிப்பில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஊற்றும் வைன் இரு மடங்கு, வேகும் நேரமோ அரை மணிதான். ஒருவர் பங்குக்கு இரண்டரை மில்லிக்கு மேல் சாராயம் நிற்கும். பிள்ளைகள் மீனை வேண்டாம் என்பார்கள், இனிப்பை இரண்டு முறை கேட்பார்கள். உலர்ந்த திராட்சையை வைனில் ஊறப்போட்டு அப்படியே கேக் மேல் தூவுவது இன்னும் மோசம்; அடுப்பே காணாததால் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் வைனுக்குப் பதில் வெள்ளைத் திராட்சைச் சாறு 250 மில்லியும், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஊற்றுங்கள். சாற்றிலேயே இனிப்பு இருப்பதால் சீனி 50 கிராம் போதும். 'சாராயம் நீக்கிய வைன்' என்று விற்பதிலும் சிறிதளவு மிச்சம் இருக்கலாம். அதை மாற்று என்று நம்பிப் பிள்ளைகளுக்கோ முஸ்லிம் நண்பர்களுக்கோ கொடுத்துவிடாதீர்கள்.

அன்று இரவு

அக்கா மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு சட்டி வைத்தாள். ஒன்றில் வைன், மற்றதில் கோழிச்சாறும் எலுமிச்சையும். கரண்டியும் இரண்டு. மேசையில் வைக்கும்போது, "பாட்டி, இது உங்களுக்கு. இதுல நான் எதுவும் ஊத்தலை" என்றாள். அம்மா அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு துண்டு மீன் சாப்பிட்டார். நானும் என் கணவரும் வைன் மீனைச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. மற்றதும் அதற்குக் குறைவில்லை.

பாட்டிலில் பாதிக்கு மேல் மிஞ்சியது. திறந்த வைன் குளிர்பெட்டியில் நாலைந்து நாளுக்கு மேல் நிற்காது. ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துப் போடலாம் என்று தட்டை எடுத்தாள். அம்மா பின்னாலேயே வந்தார்.

"அதுல பேரை எழுதி ஒட்டு, பிள்ள. யாராவது தெரியாம எடுத்துச் சின்னதுங்களுக்கு ஜூஸ்ல போட்டுடப் போறாங்க."

அவள் தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டு அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனார்.